சிடி28-ஐ மட்டும் தொட்ட மருந்து: டிஜிஎன்1412 நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

2006 மார்ச் 13, திங்கட்கிழமை காலை. லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் பாரெக்செல் நிறுவனம் நடத்திவந்த மருந்துச் சோதனைப் பிரிவில், நோய் எதுவுமில்லாத எட்டு இளைஞர்களுக்குச் சிரை வழியே ஊசி ஏற்றப்பட்டது. ஆறு பேருக்கு டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி; நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களின் பரப்பில் உள்ள சிடி28 என்ற ஏற்பியைப் பிடித்து அவற்றைத் தூண்டும் மருந்து. இருவருக்கு மருந்தில்லாத போலிக் கரைசல். மருந்தின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி. ஒருவருக்கு 3 முதல் 6 நிமிடத்தில் ஏற்றி முடித்து, சுமார் 10 நிமிட இடைவெளியில் அடுத்தவருக்குத் தொடங்கினார்கள்.

மருந்து ஏறி 50 முதல் 90 நிமிடத்துக்குள் கடும் தலைவலி. அதைத் தொடர்ந்து முதுகுவலி, தசைவலி, குமட்டல், வயிற்றுப்போக்கு, குளிர்நடுக்கம், காய்ச்சல், தோல் சிவப்பு. பிறகு இரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது. முதல் நபர் தலையைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மருந்து உள்ளே போயிருந்தது. 12 முதல் 16 மணி நேரத்தில் ஆறு பேரும் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனார்கள். நுரையீரலில் நீர்க்கோப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, இரத்த நாளங்களுக்குள் பரவலான உறைதல். 24 மணி நேரத்துக்குள் இரத்தத்தில் லிம்போசைட்டுகள், மோனோசைட்டுகள் என்ற வெள்ளணு வகைகள் ஏறத்தாழக் காணாமல் போயின.

அதே வளாகத்தில் பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தது. அந்த அருகாமை உயிர்களைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். சுவாச உதவி, டயாலிசிஸ், அதிக அளவில் மெத்தில்பிரெட்னிசொலோன், கூடவே இன்டர்லூகின்-2 ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடி. இருவருக்கு அதிர்ச்சி நிலையும் நுரையீரல் பாதிப்பும் நீடித்து, 8 நாளும் 16 நாளும் உறுப்புகளுக்குச் செயற்கைத் துணை தேவைப்பட்டது. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் கை, கால் விரல்களின் பகுதிகளை இழந்தார்.

முதல் சந்தேகம், இயல்பாகவே, மருந்துக் குப்பியின் மேல் விழுந்தது. எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சு கலந்திருந்தாலும் இதே போன்ற காட்சி வரும். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தொகுதியைச் சோதித்தது. மாசு இல்லை; அளவிலும் பிழை இல்லை. இந்தத் துயரத்தை விளக்கும் தயாரிப்புத் தவறோ கொடுத்த முறையில் தவறோ கிடைக்கவில்லை. மருந்து தன் இயல்பான வேலையையே செய்திருந்தது. மனித டி செல்லின் மேல் அது எவ்வளவு வலிமையாக வேலை செய்யும் என்பதைத்தான் யாரும் கணிக்கவில்லை.

சிடி28 வழக்கமாகச் செய்வது

டி செல்லின் பிரதான ஏற்பி, மற்ற செல்களின் பரப்பில் உள்ள எம்எச்சி மூலக்கூறில் ஏந்திக் காட்டப்படும் பெப்டைடை, அதாவது புரதத் துண்டை, படிக்கிறது. படித்ததை உள்ளே சொல்ல அதற்குச் சொந்த வால் போதாது. அந்த வேலையைச் சுற்றியுள்ள சிடி3 சங்கிலிகளும் இரண்டு சீட்டா சங்கிலிகளும் செய்கின்றன. ஐடாம் எனப்படும் சைகைப் பகுதிகள் இவற்றில் மொத்தம் 10 உண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு டைரோசின்கள். எல்சிகே நொதி அந்த டைரோசின்களில் பாஸ்பேட் ஏற்றினால் சாப்-70 வந்து அமரும்; அது லாட், எஸ்எல்பி-76 என்ற இணைப்புப் புரதங்களைத் தூண்டும். அங்கிருந்து பாஸ்ஃபோலைப்பேஸ் சி-காமா1 வழியாகக் கிளைகள் பிரிகின்றன. கால்சியம் உயர்ந்தால் கால்சிநியூரின் மூலம் என்ஃபாட் உட்கருவுக்குள் போகும். டைஅசைல்கிளிசரால் உயர்ந்தால் ராஸ் வழியாக ஏபி-1, பிகேசி-தீட்டா வழியாக என்எஃப்-கப்பாபி.

டி செல்லைப் பெருகவைக்கும் இன்டர்லூகின்-2-இன் மரபணு முழு வீச்சில் இயங்க, மரபணுக்களை இயக்கும் என்ஃபாட், ஏபி-1, என்எஃப்-கப்பாபி என்ற மூன்று புரதங்களும் ஒன்றாக வேண்டும். பிரதான ஏற்பி மட்டும் தூண்டப்பட்டால் என்ஃபாட் தாராளமாகவும் மற்ற இரண்டு அரைகுறையாகவும் கிடைக்கும். அப்படித் தூண்டப்பட்ட செல் செயலூக்கம் பெறாததோடு நிற்பதில்லை. அடுத்த முறை சரியாகத் தூண்டினாலும் பதிலளிக்காத மந்த நிலைக்குப் போய்விடும். சிடி28 ஈடுகட்டுவது இந்தக் குறையைத்தான். அதன் வாலில் நொதி எதுவும் இல்லை, இரண்டு பிடிமான இடங்கள் இருக்கின்றன. ஒன்று பிஐ3 கைனேஸையும் ஜிஆர்பி2-வையும் பிடிக்கும். மற்றது எல்சிகே நொதியை இழுத்துவரும். விளைவாக ஏபி-1, என்எஃப்-கப்பாபி வலுப்பெறும். இன்டர்லூகின்-2-இன் தூது ஆர்என்ஏ சீக்கிரம் சிதையாது. பிசிஎல்-எக்ஸ்எல் புரதம் கூடி செல் சாவதைத் தடுக்கும். பெருகுவதற்கு வேண்டிய குளுக்கோஸும் உள்ளே வரும்.

இயற்கையில் சிடி28-ஐப் பிடிப்பவை சிடி80, சிடி86 என்ற இரு மூலக்கூறுகள். டி செல்லுக்குப் பெப்டைடைக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல், ஆபத்தை உணர்ந்தால்தான் இவற்றைப் பரப்பில் அதிகமாக ஏற்றும். பிடிமானம் மிகத் தளர்வானது. பிரிகை மாறிலி (இது குறையக் குறைய இறுக்கம் கூடும்) சிடி80-க்குச் சுமார் 4 மைக்ரோமோலார், சிடி86-க்குச் சுமார் 20. தடை போடும் சிடிஎல்ஏ-4 ஏற்பியோ சிடி80-ஐச் சுமார் 0.2 மைக்ரோமோலாரில் பிடிக்கிறது; இருபது மடங்கு இறுக்கம். தூண்டும் கை தளர்வாகவும் தடுக்கும் கை இறுக்கமாகவும் இருப்பது இந்த அமைப்பின் பாதுகாப்பு. டிஜிஎன்1412-இன் பிரிகை மாறிலி 1.88 நானோமோலார். சிடி80-ஐ விட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் இறுக்கம். சிடிஎல்ஏ-4 குறுக்கே வர அங்கே இடமே இல்லை.

ஆய்வகத்தில் டி செல்களோடு பழகியவர்களுக்குத் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. ஓகேடி3 என்ற சிடி3 ஆன்டிபாடியை மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் அளவில் தட்டில் படியவிட்டு, 28.2 என்ற சிடி28 ஆன்டிபாடியை 1 முதல் 2 மைக்ரோகிராம் கரைசலாகச் சேர்த்தால் இன்டர்லூகின்-2 தாராளமாக வரும். ஓகேடி3 இல்லாமல் 28.2 மட்டும் போட்டால் ஒன்றும் வராது. பாடநூல்கள் சொல்லும் 'இரண்டாம் சைகை தனியே பயன்படாது' என்ற விதிக்கு இதுதான் அடிப்படை. டிஜிஎன்1412 இந்த விதிக்கு வெளியே நின்றது. அதை உருவாக்கியவர்கள் விரும்பியதும் அதைத்தான்.

எங்கே பிடித்தது என்பதே வித்தியாசம்

இந்த ஆன்டிபாடியின் மூலம் 5.11ஏ1 என்ற எலி ஆன்டிபாடி. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஹூனிக் குழுவின் ஆய்விலிருந்து வந்தது. டெஜெனெரோ நிறுவனம் அதை ஐஜிஜி4 என்ற மனித ஆன்டிபாடி வடிவத்துக்கு மாற்றியது. வழக்கமான சிடி28 ஆன்டிபாடிகள் சிடி80 அமரும் உச்சிப் பகுதியிலோ அதன் அருகிலோ அமரும். 5.11ஏ1 வகை ஆன்டிபாடி, பக்கவாட்டில், செல் சவ்வுக்கு நெருக்கமாக உள்ள சி″டி வளையத்தைப் பிடிக்கும். சிடி28 இரட்டையாக இருக்கும் மூலக்கூறு. உச்சியில் ஓர் ஆன்டிபாடிக் கை அமர்ந்தால் இரண்டாவது கைக்கு இடம் முட்டும். பக்கவாட்டில் அந்த நெருக்கடி இல்லாததால் இரு பாதிகளும் பிடிபட்டு, அடுத்தடுத்த சிடி28 மூலக்கூறுகள் கோவையாக இணைகின்றன.

ஆனாலும் இது பிரதான ஏற்பியைத் தாண்டிக் குதிக்கும் தனிப் பாதை அல்ல. பிரதான ஏற்பியே இல்லாத டி செல்லில் இந்த ஆன்டிபாடி வேலை செய்யாது. உடலின் சொந்தப் பெப்டைடுகளைத் தொட்டுத் தொட்டு எந்த டி செல்லிலும் மெல்லிய சைகை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓகேடி3 போன்ற துணையின்றியே தூண்டும் இந்த 'உயர்செயல்' ஆன்டிபாடி அதை எஸ்எல்பி-76, வாவ்1 கட்டத்தில் பிடித்துப் பெருக்குகிறது. சாம்பலை எவ்வளவு ஊதினாலும் தீ வராது, கனல் இருந்தால் வரும். இங்கே கனல் அந்த மெல்லிய சைகை. சோதனைக் குழாய் ஏன் ஏமாற்றியது என்பதற்கான விடையும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

நோக்கம் நல்லதுதான். எலிகளில் இதே வகை ஆன்டிபாடி கொடுத்தபோது, எதிர்ப்பாற்றலை அடக்கிவைக்கும் 'கட்டுப்படுத்தும் டி செல்கள்' மற்றவற்றைவிட மிகுதியாகப் பெருகின. மூட்டழற்சியும் நரம்பு மண்டலத் தன்னெதிர்ப்பு நோயும் தணிந்தன. மனிதரில் முடக்குவாதத்துக்கும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கும் இது பயன்படும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது.

அளவு எப்படி முடிவானது, எப்படி முடிவாகியிருக்க வேண்டும்

சைனோமால்கஸ் குரங்குகளுக்குக் கிலோவுக்கு 50 மி.கி. வரை, வாரம் ஒரு முறை, நான்கு வாரம் கொடுத்தார்கள். பெரிய தீங்கு தெரியவில்லை. அன்றைய வழக்கப்படி 50-ஐ 3.1-ஆல் வகுத்தால் மனித சமானம் 16 மி.கி. பாதுகாப்புக் காரணி 10 வைத்தால் 1.6. இன்னும் பத்து மடங்கு இறக்கினால் 0.16; அதிலிருந்து 0.1. குரங்கு தாங்கியதில் 500-இல் ஒரு பங்கு. தாளில் பார்த்தால் மிகுந்த எச்சரிக்கையான கணக்கு.

இப்போது அதே அளவை ஏற்பியின் பக்கத்திலிருந்து கணக்கிடுவோம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 7 மி.கி. பிளாஸ்மா 2.5 லிட்டர் என்று கொண்டால் மில்லிலிட்டருக்கு 2.8 மைக்ரோகிராம். ஆன்டிபாடியின் மூலக்கூறு எடை 1,50,000, ஆக 18.7 நானோமோலார். நிரம்பிய ஏற்பிகளின் பங்கு = செறிவு ÷ (செறிவு + பிரிகை மாறிலி) = 18.7 ÷ (18.7 + 1.88). விடை சுமார் 91 சதவீதம். முதல் நாளின் முதல் ஊசியில், பத்தில் ஒன்பது சிடி28 ஏற்பிகள் நிரம்பியிருக்கும். சில நிமிடங்களில் ஏற்றியதால் இந்த உச்சச் செறிவு உடனே வந்தும்விட்டது.

10 சதவீதம் மட்டும் நிரம்ப வேண்டும் என்றால் செறிவு 0.21 நானோமோலார், மருந்து அளவு கிலோவுக்குச் சுமார் 0.001 மி.கி. கொடுத்ததில் நூறில் ஒரு பங்கு. இந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் எல்லாமே சோதனைக்கு முன்பே கையில் இருந்தவை. கார்டன் டஃப் தலைமையில் அமைந்த நிபுணர் குழு 2006 இறுதியில் 22 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. தீங்கு தெரியாத அதிகபட்ச அளவிலிருந்து கீழே இறங்குவதோடு நில்லாமல், உயிரியல் விளைவு தெரியத் தொடங்கும் குறைந்தபட்ச அளவிலிருந்தும் கணக்கிட வேண்டும் என்ற அணுகுமுறை அதற்குப் பின்தான் பரவலானது. 2007-இல் ஐரோப்பிய மருந்து முகமை வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அது இடம்பெற்றது. முதல் நபருக்குக் கொடுத்துவிட்டுப் போதிய நேரம் காத்திருந்து கவனித்த பிறகே அடுத்தவருக்குத் தர வேண்டும் என்பதும் அப்படித்தான் வந்தது.

ஒரு முன்னறிகுறியும் இருந்தது. ஓகேடி3 சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக 1986-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. முதல் ஊசியில் காய்ச்சலும் நடுக்கமும் அழுத்தச் சரிவும் வரும் என்பது மருத்துவர்களுக்குப் பழகிப்போன விஷயம். டி செல்லைத் தூண்டும் ஆன்டிபாடி என்றாலே செல்கள் விடும் சைகைப் புரதங்களான சைட்டோகைன்களின் வெளியேற்றத்தை எதிர்பார்க்க வேண்டும் என்ற பாடம் இருபது ஆண்டு பழையது.

குரங்கு ஏன் எச்சரிக்கவில்லை

சைனோமால்கஸ் குரங்கின் சிடி28-இல் செல்லுக்கு வெளியே உள்ள அமினோ அமில வரிசை மனிதருடையதே. ஆன்டிபாடி அங்கும் அதே இறுக்கத்தில் பிடிக்கும். ஆகவே 'பொருத்தமான விலங்கு' என்ற நிபந்தனை நிறைவேறியதாகக் கொண்டார்கள். ஏற்பியின் வடிவத்தைப் பார்த்தவர்கள் அது எந்த செல்லின் மேல் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

மனிதரில் சிடி4 வகை செயல்முனைப்பு நினைவு செல்கள் சிடி28-ஐத் தக்கவைத்துக்கொள்கின்றன. பழைய தொற்றுகளை எதிர்கொண்ட அனுபவம் உள்ள செல்கள் இவை. தூண்டினால் இன்டர்ஃபெரான்-காமா, டிஎன்எஃப் முதலிய அழற்சி சைட்டோகைன்களை உடனே கொட்டும். குரங்கில் அதே வகை செல்கள் முதிரும்போதே சிடி28-ஐ இழந்துவிடுகின்றன. பிரிட்டனின் உயிரியல் மருந்துத் தர ஆய்வகத்தில் நடந்த ஆய்வு இதை 2010-இல் காட்டியது. அதாவது, புயலைக் கிளப்பக்கூடிய செல் வகை குரங்கில் மருந்தின் கண்ணுக்கே படவில்லை.

எலிகளின் கதை வேறு. கிருமி நீக்கிய கூண்டில் வளரும் இளம் எலிக்கு நினைவு டி செல்கள் மிகக் குறைவு. கட்டுப்படுத்தும் செல்கள் முந்திக்கொண்டு மற்றவற்றை அடக்கிவிடும்; அந்தச் செல்களை முன்கூட்டியே அகற்றிய எலியில் சைட்டோகைன் வெளியேறுவது பின்னர் தெரிந்தது. முப்பது வயது மனிதரின் உடலில் சமநிலை நினைவு செல்களின் பக்கம் சாய்ந்திருக்கும்.

குழாயில் ஏன் அமைதி

சோதனைக்கு முன் மனித இரத்தச் செல்களையும் பார்த்தார்கள். இரத்தத்திலிருந்து லிம்போசைட், மோனோசைட் ஆகிய ஒற்றைக்கரு செல்களைப் பிரித்து, கரைசல் வடிவில் டிஜிஎன்1412 சேர்த்தால் சைட்டோகைன் பெரிதாக வரவில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

முதலாவது, ஆன்டிபாடியின் வால். கரைசலில் மிதக்கும் ஆன்டிபாடியை யாராவது பிடித்து நிலைநிறுத்த வேண்டும். ஐஜிஜி4 அமைதியான வடிவம் என்று தேர்ந்தெடுத்தது, எதிரி செல்லைக் கொல்லும் வேலையைப் பொறுத்தவரை நியாயம். ஆனால் எஃப்சி-காமா 2பி என்ற ஏற்பி அதைப் பிடிக்கும். அந்த ஏற்பி உள்ள செல் அருகில் இருந்தால் அது ஆன்டிபாடியை ஒரு பரப்பில் அடுக்கி டி செல்லுக்கு நீட்டுகிறது. மாதிரியில் அத்தகைய செல்கள் குறைந்தாலோ தள்ளி நின்றாலோ விளைவு காணாது. ஆன்டிபாடியைத் தட்டில் உலரவைத்து ஒட்டியபோதும், இரத்த நாள உட்சுவர் செல்கள் மேல் இரத்தச் செல்களை வளர்த்தபோதும் சைட்டோகைன் வந்தது.

இரண்டாவது விளக்கம் ஹூனிக் குழு 2011-இல் காட்டியது. திசுவில் இருக்கும் டி செல், அண்டை செல்களின் எம்எச்சியைத் தொட்டபடி இருக்கும். இரத்தத்தில் சுற்றும்போது அந்தத் தொடர்பு அறுந்து, பிரதான ஏற்பியில் ஓடும் மெல்லிய சைகை சில மணி நேரத்தில் தணிந்துவிடும். பெருக்குவதற்கு ஒன்றும் இல்லாத செல்லை எடுத்துச் சோதித்தால் அமைதிதான் கிடைக்கும். உடலின் டி செல்களில் மிகச் சிறு பங்குதான் எந்த நேரத்திலும் இரத்தத்தில் இருக்கிறது. மருந்து சந்தித்ததோ பெரும்பாலும் திசுக்களில் உள்ளவற்றை.

இன்று இதைச் சோதிக்கும் முறை

உலர்தட்டு முறையில், 96 குழித் தட்டில் குழிக்கு 1 மைக்ரோகிராம் ஆன்டிபாடியை 50 மைக்ரோலிட்டரில் இட்டு, கிருமியற்ற காற்றோட்டத்தில் இரவு முழுக்க உலரவிட வேண்டும். ஒட்டாததைக் கழுவிவிட்டு, குழிக்கு 1 முதல் 2 லட்சம் ஒற்றைக்கரு செல்கள். 37 பாகை, 5 சதவீதக் கார்பன் டைஆக்சைடு. டிஎன்எஃப், இன்டர்லூகின்-2 பார்க்க 24 மணி நேரமும், செல் பெருக்கம் பார்க்க 72 மணி நேரமும் விடுவது வழக்கம்.

நெரிசல் வளர்ப்பு முறையில், செல்களை முதலில் மில்லிலிட்டருக்கு ஒரு கோடி என்ற அடர்த்தியில், 24 குழித் தட்டில் குழிக்கு 1.5 மி.லி. வீதம் 48 மணி நேரம் வைக்க வேண்டும். செல்கள் ஒன்றையொன்று தொட்டு, அறுந்த சைகை மீளும். பிறகு கழுவி, மில்லிலிட்டருக்கு 10 லட்சமாக நீர்த்து, குழிக்கு 2 லட்சம் செல்களோடு கரைசல் ஆன்டிபாடியை மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் சேர்த்துப் பார்க்கலாம். இந்த முறையில் தட்டில் ஒட்டத் தேவையில்லை. உடலில் மருந்து இருக்கும் நிலைக்கு இதுவே நெருக்கம் என்பதால் முடிந்தபோது இதையே முதலில் செய்வது நல்லது.

கெடுவது பெரும்பாலும் நான்கைந்து இடத்தில்தான். 48 மணி நேர வளர்ப்பில் ஊடகம் மஞ்சளாகி செல்கள் செத்துப்போனால் விளைவு வராது. உயிருள்ள செல்களை எண்ணாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. ஒரே வகை ஐஜிஜி4 கட்டுப்பாட்டு ஆன்டிபாடி இல்லாமல் உலர்தட்டு முடிவைப் படிக்க முடியாது, ஏனெனில் ஒட்டிய எந்த ஆன்டிபாடியும் மோனோசைட்டைச் சற்றுத் தூண்டும். எண்டோடாக்சின் அளவைத் தனியே பார்த்திருக்க வேண்டும். டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 மட்டும் உயர்ந்து இன்டர்லூகின்-2 உயராவிட்டால் மாசையே முதலில் சந்தேகிக்கலாம். டிஜிஎன்1412 வகை ஆபத்தைப் பிரித்துக் காட்டும் சைட்டோகைன் இன்டர்லூகின்-2தான். நேர்க் கட்டுப்பாடாக ஓகேடி3 மட்டும் போதாது, சிடி28 உயர்செயல் ஆன்டிபாடி ஒன்றும் தட்டில் இருக்க வேண்டும். அது வேலை செய்யாத தட்டில் புதிய மருந்து அமைதியாக இருந்ததற்குப் பொருளில்லை. இரத்தம் கொடுப்பவருக்கு வயதும் பழைய சைட்டோமெகலோ வைரஸ் தொற்றும் இருந்தால் சிடி28 இழந்த செல்கள், குறிப்பாக சிடி8 வகை, கூடுதலாக இருக்கும். ஒருவர் இருவர் இரத்தத்தில் வந்த 'அமைதி'யை நம்ப முடியாததற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு கொடையாளரின் சிடி28 அளவையும் செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஓட்ட செல்மானியில் முதலில் பார்த்துவிடுவது அதிகச் செலவில்லாத காப்பு.

அதே மூலக்கூறு, வேறு அளவு

டெஜெனெரோ 2006-லேயே திவாலானது. ஆன்டிபாடி சாகவில்லை. தெராமாப் என்ற நிறுவனம் அதை டாப்08 என்ற பெயரில் எடுத்து, ரஷ்யாவில் நலமுள்ளவர்களிடம் மீண்டும் சோதித்தது; முடிவுகள் 2014-இல் வெளியாயின. தொடக்க அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உச்ச அளவு 7 மைக்ரோகிராம். நிமிடங்களில் அல்லாமல் மணிக்கணக்கில் மெல்ல ஏற்றினார்கள்.

மேலே போட்ட சூத்திரத்திலேயே பார்த்தால் 0.1 மைக்ரோகிராமில் நிரம்பும் ஏற்பி ஒரு சதவீதம், 7 மைக்ரோகிராமில் சுமார் 41 சதவீதம். இவ்வளவு சிறிய அளவில் ஏற்பிகளே மருந்தின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும் என்பதால் உண்மையான பங்கு இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அழற்சி சைட்டோகைன்கள் எழவில்லை. இன்டர்லூகின்-10 மட்டும் அளவுக்கேற்ப உயர்ந்தது, கட்டுப்படுத்தும் டி செல்கள் தூண்டப்பட்டதன் அடையாளமாக. எலியில் கண்டதும் மனிதரிடம் தேடியதும் அதுவே. நினைவு செல்கள் விழித்துக்கொள்ளும் எல்லைக்குக் கீழே, குறுகலான ஒரு பட்டையில் அது கிடைக்கிறது.